ஆசிரியரைப் பற்றி முறையிடலாமா?

கற்பிப்பவரிடத்துக் காணப்படும் குறையைக் கற்பவர் வாய்திறந்து சொல்லலாமா, சொன்னால் அது குருநிந்தனை ஆகாதா என்னும் வினா நமது சமுதாயத்திலே புதிதாக எழுந்ததன்று. ஆயினும் அதனைச் சிறுபிள்ளைகளின் விவகாரமாகவே இதுகாறும் கருதிவந்தோம். வகுப்பிலே துடுக்காகப் பேசும் மாணவன், வீட்டுக்குப் போய் வாத்தியாரைப் பற்றிக் கோள் சொல்லும் மாணவன் என்ற அளவில் விஷயம் முடிந்துவிடும். வளர்ந்தவர்கள், அதிலும் தாமே ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள், பல்கலைக் கழகங்களின் பட்டப்பின் படிப்புகளுக்கு மாணவராகச் சென்று அமரும்போது அவ்வினா வேறு வடிவங் கொள்கிறது. அவ்வடிவத்தையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

கிண்ணியாவிலிருந்தும் அயற்கிராமங்களிலிருந்தும் சனி, ஞாயிறுகளில் இவ்வகுப்புகளுக்குப் போய்வரும் ஆசிரியர் தொகை சிறிதன்று. சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டால்தான் ஒன்பது மணி விரிவுரைக்குப் போய்ச் சேரலாம். 2009 இல் பாலம் திறக்கப்படுமுன், பாதை என்று நம் ஊரார் அழைத்த மிதவையிலே துறையைக் கடந்து பஸ் பிடிக்கவேண்டியிருந்த காலத்தை நினைத்தால் இன்றைய பிரயாணம் இலகுவானதே. என்றாலும், ஐந்து நாள் வகுப்பறையில் நின்ற கால்கள் ஆறாம் நாளும் ஏழாம் நாளும் விரிவுரை மண்டபத்து வாங்குகளை நோக்கி நடக்கின்றன. பையிலே திருத்தி முடியாத பிள்ளைகளின் கொப்பிகள். வீட்டிலே காய்ச்சலோடு விட்டுவந்த குழந்தையின் நினைவு. கட்டணஞ் செலுத்த வங்கியிற் பெற்ற கடன். பதவியுயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதற்காக வருபவர் பலர், அதனை மறைப்பானேன்? ஆனால் உண்மையாகவே ஏதாவது கற்றுக்கொண்டு போய்த் தமது பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்ற தாகத்தோடு வருபவரும் இருக்கிறார்கள்.

நம்மிற் சிலர் பயின்றுவந்த அத்தகைய பாடநெறி ஒன்றில் நிகழ்ந்தவற்றை, நிறுவனத்தின் பெயரையோ ஆளின் பெயரையோ குறியாது சொல்கிறோம். ஒன்பது மணி விரிவுரை பெரும்பாலும் பத்தரைக்குப் பின்பே தொடங்கும். தொடங்கினாலும், திரையிலே விழும் குறிப்புகளை விரிவுரையாளர் வரிவரியாக வாசிப்பார். அக்குறிப்புகளின் தலைப்பிலே வேறொரு நெறியின் பெயரும் கழிந்துபோன ஆண்டொன்றும் அழிக்கப்படாமலே கிடக்கும். வினா எழுப்பினால், அது பாடத்திட்டத்துக்குப் புறம்பானது என்ற விடை வரும். எழுதிக் கொடுத்த ஒப்படைகள் திரும்பியதில்லை. புள்ளி மட்டும் அறிவித்தற் பலகையில் ஏறும். எது பொருந்தியது, எது பொருந்தவில்லை என்று அறிய வழியில்லை. விடுபட்ட நான்கு விரிவுரைகள் பரீட்சைக்கு முந்திய ஞாயிறன்று ஒரே மூச்சில் ஓட்டி முடிக்கப்பட்டன. இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றே பலரும் கருதினர். பொறுக்கமுடியாமற் போனது வேறொன்று. பதினைந்தாண்டு அனுபவமுள்ள ஆசிரியை ஒருவர் ஆய்வுமுறை பற்றி இரண்டாம் தடவையாக விளக்கங் கேட்டபோது, ‘இதுகூட விளங்காமலா இத்தனை காலமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீர்கள்?’ என்று நாற்பது பேர் முன்னிலையிற் கேட்கப்பட்டது. அதன்பின் அவர் அவ்வகுப்பிலே வாய்திறந்ததைக் கண்டவர் இல்லை.

பருவ இறுதியில் மதிப்பீட்டுப் படிவம் ஒன்று கொடுக்கப்பட்டது. பெயர் எழுதவேண்டியதில்லை. ஆயினும் ஏறக்குறைய எல்லோரும் ‘மிக நன்று’ என்ற கட்டத்திலேயே அடையாளமிட்டார்கள். காரணம் வெளிப்படை. பரீட்சைப் புள்ளிகள் இன்னும் வரவில்லை. ஆய்வுக் கட்டுரைக்கு மேற்பார்வையாளராக அதே மனிதர் வந்து வாய்க்கக்கூடும். கூட்டமோ கையெழுத்தைக் கண்டே ஆளை அறியத்தக்க சிறு கூட்டம்.

படிவத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து தேநீர் குடிக்கையிலே, கடிதம் ஒன்று எழுதினாலென்ன என்ற பேச்சு எழுந்தது. ஓய்வுபெறும் வயதை அணுகிக்கொண்டிருந்த தமிழாசிரியர் ஒருவர் அதனை உடனே மறுத்தார். ‘தம்பிமாரே, குருவைப் பழித்தவனுக்கு வித்தை பலிக்காது. இரண்டு வருஷம் பொறுத்துக்கொண்டு பட்டத்தை எடுத்துக்கொண்டு போவோம்’ என்றார். இளைஞர் ஒருவர் குறுக்கிட்டு, ‘சேர், இது குருகுலமா? காசு கட்டியிருக்கிறோம், கட்டிய காசுக்குக் கேட்க உரிமை உண்டு’ என்றார். இவ்விரு கூற்றும் நமக்கு நிறைவளிக்கவில்லை. ஒன்று பழமையின் குரல், மற்றது புதுமையின் குரல் என்று சொல்லிவிடத் தோன்றும். நமக்கோ, முதியவர் பழமையைச் சரியாகப் படிக்கவில்லை என்றும், இளைஞர் புதுமையின் விலையை அறியவில்லை என்றும் தோன்றியது.

முதலிற் பழமையை நோக்குவோம். மாதா, பிதா, குரு, தெய்வம் என்ற வரிசையைச் சொல்லியே நமது வாய் அடைக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே சீயகங்கனின் வேண்டுகோளுக்கிணங்கிப் பவணந்தியார் செய்த நன்னூலின் முகப்பிலுள்ள பொதுப்பாயிரத்தைத் திறந்து பாருங்கள். எழுத்தின் இலக்கணத்தைக் கற்குமுன்னரே மாணவன் அங்கு கற்பது ஆசிரியரின் இலக்கணத்தை. நல்லாசிரியர் யார் என்று கூறுவதோடு அது நின்றுவிடவில்லை. ஆசிரியராகத் தகாதவர் யார் என்றும் வகுத்துக் கூறுகிறது. கழற்சிக்காய் இட்ட குடம், இட்ட முறையிலன்றித் தாறுமாறாகக் கொட்டுவது போலக் கற்பிப்பவர். தானாக விழுந்தாலொழிய அண்டிப் பறிக்க விடாத மடற்பனை போன்றவர். அரிதாகப் பெற்றதை எளிதாகப் பிறர்க்கு ஈயாத பருத்திக் குண்டிகை போன்றவர். நீர் வார்த்தவனை விட்டு அயலானுக்குக் காய் உதிர்க்கும் முடத்தெங்கு போன்றவர். இவர்கள் ஆசிரியர் ஆகார் என்பது அந்நூலின் தீர்ப்பு. கற்பிக்க வருபவர் பொருளை உள்ளத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டு, விரையாமலும் வெகுளாமலும், முகமலர்ச்சியோடு, கொள்பவனின் அறிவளவை அறிந்து கொடுக்கவேண்டும் என்றும் அது விதிக்கிறது. அழிக்கப்படாத தலைப்போடு திரையிலே ஓடிய குறிப்புகளைப் பவணந்தியார் கண்டிருப்பின், கழற்குடத்துக்குப் பக்கத்தில் ஐந்தாவது உவமை ஒன்றைச் சேர்த்திருப்பார் போலும்.

அதே பாயிரம் மாணவனுக்கும் கடுமையான ஒழுக்கத்தையே விதிக்கிறது. குளிர் காய்பவன் நெருப்பிடம் நடந்துகொள்வது போல ஆசிரியரிடம் நடக்கவேண்டும் என்கிறது. உண்மை. ஆயினும், நெருப்பு எது, சாம்பல் எது என்று காணும் கண்ணையும் அதே மாணவனுக்கு அது கொடுத்திருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அந்த நான்கு உவமைகளும் ஆசிரியர்களுக்கு மாத்திரம் இரகசியமாக எழுதப்பட்டவை அல்லவே!

நமது ஊரின் மற்றொரு மரபும் இதற்கு மாறானதன்று. பக்தாதின் நிஸாமிய்யாவிலே பேராசானாக விளங்கி, 1095 இல் அப்பதவியைத் துறந்து வெளியேறிய இமாம் கஸ்ஸாலி, இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூலின் தொடக்கத்திலே அறிவைப் பற்றிப் பேசுமிடத்து மாணவனின் கடமைகளையும் ஆசிரியரின் கடமைகளையும் அடுத்தடுத்து வைக்கிறார். நோயாளி மருத்துவரிடம் தன்னை ஒப்படைப்பது போல மாணவன் ஒப்படைக்கவேண்டும் என்று கூறுபவர், மாணவரைத் தன் மக்களைப் போல் நடத்தவும், அவர்தம் விளக்கத்தின் அளவறிந்து பேசவும், தான் கற்பித்தபடி தானே ஒழுகவும் ஆசிரியரைக் கட்டுப்படுத்துகிறார். கடமை இருபுறமும் எழுதப்பட்ட உடன்படிக்கை இது. ஒருபுறத்தை மட்டும் வாசித்துவிட்டு ஏட்டை மூடிவைப்பது மரபுக்குச் செய்யும் மரியாதையாகாது.

தமிழ்ச் சொல்லையே பாருங்கள். இலங்கையில் நாம் முறைப்பாடு என்கிறோம். முறை என்பது பழந்தமிழில் நீதி. பாண்டியன் அவைக்குக் கண்ணகி போனது குறைசொல்ல அன்று, முறை கேட்க. குறைசொல்பவர் ஆளின் முதுகுக்குப் பின்னே பேசுவார். முறை கேட்பவர் வாயிலில் வந்து நிற்பார். தேநீர்க் கடையிலே விரிவுரையாளரின் நடையையும் பேச்சையும் நடித்துக் காட்டிச் சிரித்துவிட்டு, படிவத்திலே ‘மிக நன்று’ என்று எழுதுவதை எந்த மரபு போற்றியிருக்கிறது?

இதே ஆசிரியர்கள் ஊமைகளும் அல்லர். 2021 ஆம் ஆண்டு யூலையில் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேலாக நாடெங்கும் ஆசிரியரும் அதிபரும் சம்பள முரண்பாட்டை நீக்கக்கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிநின்றனர். அரசாங்கத்தை எதிர்த்து அத்தனை நாள் நிற்கத் தெரிந்தவர்கள், ஒரு விரிவுரை மண்டபத்திலே, நேரத்துக்கு வாருங்கள் என்று கேட்கும் காகிதத்தில் ஒப்பமிடத் தயங்குகிறார்கள். தொழிலாளி என்ற நிலையிலே திறந்த வாய் மாணவர் என்ற நிலையில் அடைத்துப்போவதன் காரணம், அங்கு ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் நின்றமையும், இங்கு ஒவ்வொருவரும் தத்தம் புள்ளியோடு தனித்திருத்தலுமே. அந்தத் தனிமை அங்கேயே தங்கிவிடுவதுமில்லை. வார இறுதியிற் கற்ற மௌனம் திங்கட்கிழமை பஸ் ஏறி ஊருக்கு வருகிறது. கேள்வி கேட்டு அவமானப்பட்ட ஆசிரியையின் வகுப்பிலே, கேள்வி கேட்க எழும் மீனவர் மகளுக்கு என்ன விடை கிடைக்கும் என்பதே நம்மை உறுத்தும் விஷயம்.

முறையீட்டுக்கு வாயில் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு நூறாண்டுக்கு முந்திய கல்கத்தா ஓர் எடுத்துக்காட்டு. 1916 ஜனவரியில் பிரசிடென்சிக் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் ஓட்டன், வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் நடந்த மாணவரைப் பிடித்துத் தள்ளினார் என்று முறைப்பாடு எழுந்தது. வகுப்புப் பிரதிநிதியாக இருந்த சுபாஷ் சந்திர போஸ் அதிபரிடம் சென்று, பேராசிரியர் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். அதிபர் இணங்கவில்லை. வேலைநிறுத்தம் நடந்தது, ஒருவகைச் சமாதானமும் ஏற்பட்டது. பெப்ரவரியில் அதேபோன்ற முறைப்பாடு மீண்டும் எழுந்தது. மாடிப்படியின் அடியிலே பேராசிரியர் தாக்கப்பட்டார். போஸ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். அசுதோஷ் முகர்ஜி தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் முன்னே, தாக்கியது முறையன்று, ஆனால் மாணவர் பெரிதும் தூண்டப்பட்டனர் என்ற அளவிலேயே அவர் நின்றார். அவ்வாண்டே இரவீந்திரநாத தாகூர் இவ்விவகாரத்தையொட்டிக் கட்டுரை எழுதி, சிறைக்காவலர் மனப்பான்மையுடையோர் மாணவரை ஆளத் தகாதவர் என்ற கருத்தை வலியுறுத்தினார். (போஸின் மறைவுக்குப் பின் ஓட்டன் அவரைப் போற்றிக் கவிதை எழுதினார் என்பதையும் சொல்லவேண்டும். மனிதர் நாம் நினைப்பதைவிடச் சிக்கலானவர்கள்.) அங்கு ஆள்பவர் இனமும் ஆளப்படுபவர் இனமும் எதிர்ப்பட்டன, நமது விரிவுரை மண்டபத்திலே அப்படியொன்றும் இல்லை. ஆனால், கேட்கப்பட்ட முதல் முறைப்பாட்டுக்குச் செவி கிடைத்திருப்பின் இரண்டாவது முறை கை ஓங்கியிராது என்பது எவ்விடத்துக்கும் பொருந்தும்.

இனி இளைஞரின் வாதத்துக்கு வருவோம். கட்டிய காசுக்குக் கேட்க உரிமை உண்டு என்றார். கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசமாயிற்று. முதற்பட்டம் அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் இன்றும் இலவசமே. பட்டப்பின் படிப்புகளுக்கோ பெரும்பாலும் கட்டணம் உண்டு. உரிமை காசிலிருந்து பிறப்பதாயின், கட்டணஞ் செலுத்தாது முதற்பட்டம் படிக்கும் விறகுவெட்டியின் மகனுக்கு முறையிட உரிமையில்லை என்றாகிறது. இலவசமாகத்தானே படிக்கிறாய், வாயை மூடு என்று அவனுக்குச் சொல்பவரும், காசு தந்தேன், வாயைத் திற என்று விரிவுரையாளருக்குச் சொல்பவரும் ஒரே தராசையே கையில் வைத்திருக்கிறார்கள். இலவசக் கல்வி எவருடைய தருமமும் அன்று. கடைத்தெருவிலே அவன் தாய் வாங்கும் பொருளில் மறைந்திருக்கும் வரியும் அதனைத் தாங்குகிறது. அவள் பல்கலைக் கழகத்தின் வாடிக்கையாளர் அல்லள். அதனை நடத்துபவர்களுள் ஒருத்தி.

காசு கொடுத்தவர் கட்டளையிட்ட காலமும் இருந்ததுண்டு. இத்தாலியின் போலோஞாவில் மாணவர் சங்கங்களே ஆசிரியரை அமர்த்திக் கூலி கொடுத்தன. 1317 ஆம் ஆண்டு விதிகளின்படி, அனுமதியின்றி ஒருநாளேனும் வராமலிருக்க ஆசிரியருக்கு உரிமையில்லை. மணியோசையோடு தொடங்கி, அடுத்த மணிக்குப்பின் ஒரு நிமிடத்துள் முடிக்கவேண்டும். ஓர் அதிகாரத்தையும் தாண்டிச் செல்லக்கூடாது. கேட்க ஐந்து பேராவது வராவிட்டால் தண்டம். நமது பத்தரை மணி விரிவுரையை நினைத்தால் சற்றே பொறாமையாகத்தான் இருக்கிறது! ஆனால் கூலி கொடுப்பவர் மாறினால் அதிகாரமும் மாறும். நகராட்சி சம்பளம் கொடுக்கத் தொடங்கியபின் மாணவரின் அப்பிடி தளர்ந்தது.

வாடிக்கையாளர் முறைப்பாடு இன்று எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை நியூயோர்க் பல்கலைக் கழகத்தில் 2022 இல் நிகழ்ந்தது காட்டுகிறது. சேதன இரசாயனம் கற்பித்த மெயிற்லண்ட் ஜோன்ஸ் என்னும் பேராசிரியரின் பாடம் மிகக் கடினமாக உள்ளது, புள்ளி குறைகிறது, உதவி போதவில்லை என்று 350 மாணவரில் 82 பேர் மனுவிற் கையொப்பமிட்டனர். அவருக்கு அப்போது வயது 84. அத்துறையில் பெயர்பெற்ற பாடநூல் ஒன்றை எழுதியவர். அவரை விலக்குமாறு அம்மனு கேட்கவில்லை. ஆனால் அடுத்த பருவம் தொடங்குமுன் பல்கலைக் கழகம் அவரை விலக்கிவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருந்தவராதலால் அது இலகுவாயிற்று. கல்கத்தாவில் முறைப்பாடு செவியில் ஏறவேயில்லை. நியூயோர்க்கிலும் ஏறியதாக நமக்குத் தோன்றவில்லை. கடை முதலாளி, பொருள் பிடிக்கவில்லை என்ற குரல் கேட்டதும் தட்டிலிருந்து பொருளை அகற்றினார், அவ்வளவே. அவ்வகுப்பிலே எது கடினம், எது அலட்சியம் என்று நின்று நிதானித்து விசாரித்திருக்கவேண்டும்.

கடினமும் அலட்சியமும் வேறுவேறு என்பதை நமது வகுப்பிலும் பலர் உணரவில்லை. கடிதத்திற் சேர்க்கவேண்டும் என்று சிலர் கொண்டுவந்த குறைகளைக் கேட்டு நாம் தலைகுனிந்தோம். வாசிக்கக் கொடுத்த நூற்பட்டியல் நீளமாம்; பரீட்சைக்கு வரும் வினாக்களைக் குறிப்பால் உணர்த்தவில்லையாம்; அச்சிட்ட குறிப்பு தரவில்லையாம். ஆசிரியர் சொல்வதைப் பழுதறக் கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது என்று கணக்குப் போட்டவரும் பவணந்தியாரே. அந்த ஒரு காலைக் கேட்கவே நமக்கு உரிமை. மற்ற முக்காலையும் விரிவுரையாளர் தலையிற் கட்டுவது சோம்பல்.

படிவங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், மைக்கல் ஃபொக்ஸ் என்ற நடிகரைப் பெரும் அறிஞராகக் கோலஞ்செய்து, பொருளற்ற விரிவுரை ஒன்றை மருத்துவக் கல்வியாளர் முன்னிலையில் நிகழ்த்தச் செய்தனர். நகைச்சுவையும் மிடுக்கும் நிறைந்த அப்பேச்சைக் கேட்டவர்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் வெகுவாகப் பாராட்டினர். 1973 இல் அவ்வாய்வு வெளியாயிற்று. படித்தவர் கூட்டமே அப்படி ஏமாறுமாயின், கட்டத்தில் இடும் அடையாளத்தை நம்பி ஒருவரின் வேலையைத் தீர்மானிப்பது தகுமா? கனடாவின் ரயர்சன் பல்கலைக் கழகத்திலே ஆசிரியர் சங்கம் இதனை எதிர்த்து வழக்காடி, பதவி நிரந்தரத்துக்கும் உயர்வுக்கும் அத்தகைய மதிப்பீடுகளைக் கொண்டு கற்பித்தலின் திறத்தை அளக்கக்கூடாது என்ற நடுத்தீர்ப்பை 2018 இற் பெற்றது. மாணவர் குரலை அடக்கும் தீர்ப்பாக நாம் அதனைக் கொள்ளவில்லை. எண்ணாகச் சுருங்கிய குரலுக்கு விடையிறுக்க எவராலும் முடியாது.

இன்னொன்றையும் விசாரித்து அறிந்தோம். நமது விரிவுரையாளர் அந்நிறுவனத்தின் நிரந்தர ஊழியர் அல்லர். மணிக்கணக்கிற் கூலி பெறும் வருகைதரு விரிவுரையாளர். வெள்ளி இரவு வேறொரு நகரில் பஸ் ஏறி, விடியற்காலையில் இறங்கி, தங்குவதற்கு அறையின்றி, கழிவறையில் முகங்கழுவிக்கொண்டு வருபவர். ஒரே வார இறுதியில் இரண்டு நிலையங்களிற் கற்பிக்கிறார். முந்திய பருவத்துக் கொடுப்பனவு இன்னும் கிடைக்கவில்லை. ஆசிரியையை அவர் அவமதித்ததை இவையொன்றும் நியாயப்படுத்தா. தாமதத்தையும் பழைய குறிப்புகளையும் ஓரளவு விளக்கும். அவரை மட்டும் குற்றஞ்சாட்டி எழுதினால் நிறுவனம் மகிழ்ச்சியோடு அவரை நிறுத்திவிட்டு, அவரினும் மலிவாக இன்னொருவரைக் கொண்டுவரும். கட்டணம் மட்டும் குறையாது.

ஆகவே, பல நாள் வாதாடிய பின் எழுதப்பட்ட கடிதத்திலே, விரிவுரை நேரத்தைக் கடைப்பிடிக்கவும், ஒப்படைகளைக் குறிப்புரையோடு திருப்பித் தரவும், வினாக் கேட்பவரை மரியாதையோடு நடத்தவும் கேட்டதோடு, வருகைதரு விரிவுரையாளரின் நிலுவைக் கொடுப்பனவைத் தாமதமின்றி வழங்கி, அவருக்குத் தங்குமிடமும் செய்து தரவேண்டும் என்றும் எழுதினோம். புள்ளிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரதி ஒன்று முதலில் விரிவுரையாளர் கையிலேயே கொடுக்கப்படவேண்டும், அவரது விடையும் சேர்த்தே பீடாதிபதிக்குப் போகவேண்டும் என்ற வாசகத்தின்மேல் கடும் வாக்குவாதம் நடந்தது. பெயரில்லாக் கடிதமே பாதுகாப்பு என்றவர்கள் விலகிக்கொண்டனர். நாற்பத்திரண்டு பேரிற் பதினேழு பேர் கையொப்பமிட்டனர். அவமதிக்கப்பட்ட ஆசிரியையின் பெயர் முதலாவது. காசுக் கணக்குப் பேசிய இளைஞரும் ஒப்பமிட்டார். முதிய தமிழாசிரியர் ஒப்பமிடவில்லை. ஆனால் கடிதத்தை வாங்கி இரண்டு முறை வாசித்து, மூன்றிடத்துச் சந்திப் பிழை திருத்தி, ‘கண்டிக்கிறோம்’ என்றிருந்ததை ‘கேட்கிறோம்’ என்று மாற்றித் தந்தார். கடிதம் கையளிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த விரிவுரை வருகிற சனிக்கிழமை ஒன்பது மணிக்கு.